மஞ்சள் குளித்த மாப்பிள்ளை

என் அக்கா நீலாயதாட்சிக்குக் கல்யாணத்தை முடித்து வைத்தது எங்கள் அப்பாவும் இல்லை, தரகரும் இல்லை. இரண்டு தவளைகள். இதைச் சொன்னால் எல்லோரும் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். பார்க்கட்டும், எனக்கென்ன. அண்டாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றவள் நான். கடைசியில் சிரிப்புத் தாங்காமல் அந்த அண்டாவின் மேலேயே சாய்ந்தவளும் நான்தான். நடந்ததை நடந்தபடி சொல்ல என்னை விட்டால் வேறு ஆள் கிடையாது.

முதலில் அக்காவைச் சொல்லிவிடுகிறேன். அவள் உயரம். சாதாரண உயரம் இல்லை. கொடுக்காப்புளி பறிக்க மற்ற தெருக்காரர்கள் தொரட்டி தேடுவார்கள், எங்கள் தெருக்காரர்கள் அக்காவைத் தேடி வருவார்கள். பரணில் இருக்கிற பாத்திரத்தை எடுக்க அவளுக்கு முக்காலி வேண்டாம். வீட்டு நிலைப்படியில் குனிந்து குனிந்தே பழகிப்போய், கோயிலுக்குப் போனால் கோபுர வாசலிலும் குனிவாள். உடம்பும் உயரத்துக்குத் தகுந்த உடம்பு. அவள் சிரித்தால் பட்டறையில் ஆணி டப்பா அதிரும். அப்படிச் சிரிப்பதற்கு அவளுக்குப் பெரிய காரணம் எதுவும் தேவைப்படாது. ஆடு தும்மினால்கூடப் போதும்.

அப்பா பெயர் செம்மலை. தச்சு வேலை. பிள்ளையார்பட்டியைத் தாண்டித் திருப்பத்தூர் போகிற சாலையில்தான் எங்கள் ஊர். சுற்றுவட்டாரத்துச் செட்டியார் வீடுகளில் அப்பா போட்ட நிலையும் கதவும் ஏகப்பட்டது உண்டு. எங்கள் வீட்டில் ஆண்பிள்ளை இல்லை. மரம் அறுக்கிற பெரிய வாளுக்கு இரண்டு பக்கமும் ஆள் வேண்டுமே, ஒரு பக்கம் அப்பா, மறுபக்கம் அக்கா. பாவாடை கட்டின நாளிலிருந்து அவள்தான் இழுத்தாள். உத்தரத்தைத் தோளில் வைத்துக்கொண்டு நடப்பாள், நடுவில் யாராவது கூப்பிட்டால் உத்தரத்தோடு திரும்புவாள், பின்னால் வருகிறவன் குனிந்து தப்பிக்க வேண்டும்.

இப்படிப்பட்ட பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்க அப்பா ஒரு முறை வைத்திருந்தார். எங்கள் வீட்டு நிலையில் அக்காவின் தலைமட்டத்துக்கு ஒரு பென்சில் கோடு கிழித்து வைத்திருந்தார். பெண் பார்க்க வருகிறவர் பலகாரம் சாப்பிட்டு, காபி குடித்து, நாலு வார்த்தை பேசியதும், “தம்பி, இந்த நிலையில செதுக்கியிருக்க பூவக் கொஞ்சம் கிட்டக்க வந்து பாருங்க” என்பார். அந்த ஆளும் பெரிய ரசிகன் மாதிரி எழுந்து போய் நிற்பான். அப்பா எதிரில் நின்று, பலகையின் கோணல் பார்க்கிறவராட்டம் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். தலை கோட்டுக்குக் கீழே இருந்தால், “சரி, சொல்லி அனுப்புறோம்” என்பார். அவ்வளவுதான், யாருக்கும் எதுவும் சொல்லி அனுப்பியது கிடையாது. ஒருவன் கட்டைச் செருப்பு போட்டுக்கொண்டு வந்து, அதைக் கழற்ற மாட்டேன் என்று வாசலிலேயே நின்று அடம்பிடித்தான். இன்னொருவனுக்கு உயரம் சரியாக இருந்தது. ஆனால் கொல்லையில் அக்கா ஆட்டுக்கல்லைத் தூக்கி இடம் மாற்றியதைப் பார்த்துவிட்டு, காபியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினான்.

அப்பாவைக் கெட்டவர் என்று நினைக்காதீர்கள். பெண் மாப்பிள்ளையைவிட உயரமாக இருந்தால் மணவறையில் ஊர் சிரிக்கும், அந்தச் சிரிப்பு ஆயுசுக்கும் நிற்கும் என்று மனதார நம்பினார். அளவு தப்பினால் கதவு சாத்தாது என்பதுதான் அவருக்குத் தெரிந்த ஒரே சாத்திரம். ஆனால் அக்காவுக்கு முடியாமல் எனக்குப் பார்க்க மாட்டார்கள். எனக்கும் வயது ஏறிக்கொண்டிருந்தது. அந்தப் பென்சில் கோட்டைப் பார்க்கும்போதெல்லாம் எச்சிலைத் தொட்டு அழித்துவிடலாமா என்று எனக்குக் கை பரபரக்கும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அக்காவுக்கு முறை மாப்பிள்ளையே இருந்தான். அப்பாவின் கூடப்பிறந்த அக்கா மகன் ஆசைத்தம்பி. திருப்பத்தூர்க்காரன். எங்கள் சாலையில் ஓடுகிற பஸ்ஸில் கண்டக்டர். அக்காவின் தோளுக்கு வருவான், அதுவும் சீவின கிராப்பையும் சேர்த்து. ஆனால் அந்தக் குரல் இருக்கிறதே, அந்தச் சின்ன உடம்புக்குள் அதை எங்கேதான் வைத்திருந்தானோ தெரியாது. பஸ் பிள்ளையார்பட்டி விலக்கில் திரும்பும்போதே இங்கே எங்கள் காதில் விழும். அந்தச் சத்தம் கேட்டதும் பட்டறையில் வாள் நின்றுவிடும். அக்கா மறுபக்கத்தை விட்டிருப்பாள். அப்பா ஒன்றும் கேட்க மாட்டார், பஸ் போகிற வரைக்கும் வாளின் பல்லை விரலால் தடவிக்கொண்டு நிற்பார். அவருக்கு எல்லாம் தெரியும்.

அத்தை இரண்டு தடவை தட்டோடு வந்து கேட்டுப் பார்த்தாள். இரண்டாவது தடவை அப்பா சொந்த அக்கா பிள்ளை என்றும் பார்க்காமல் ஆசைத்தம்பியை நிலையில் கொண்டுபோய் நிறுத்தினார். அவன் நுனிக்காலில் நின்று பார்த்தான். அப்போதும் கோடு எங்கோ மேலே இருந்தது. அக்கா அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள், அவனும் சிரித்தான், அப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது. எங்கள் பக்கத்தில் அக்கா மகனை மாமன் ‘மாப்ளே’ என்றுதான் கூப்பிடுவான். தொட்டில் பிள்ளையைக்கூட அப்படித்தான் கூப்பிடுவது. அன்றிலிருந்து அப்பா அவனை ‘கண்டக்டரே’ என்று கூப்பிட ஆரம்பித்தார். அந்த ஒரு வார்த்தை தப்பித்தவறிக்கூட வாயில் வந்துவிடக் கூடாது என்று அவ்வளவு கவனம்.

அப்புறம்தான் அறந்தாங்கியிலிருந்து முத்துவீரன் வந்தார். மரக்கடைக்காரர், முதல் தாரம் தவறிப்போனவர். நிலைக்குப் பக்கத்தில் நின்றதும் கோடு அவர் காதுக்கு நேராக வந்தது. அப்பாவுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. முத்துவீரன் நல்ல மனிதர்தான், ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் வந்ததிலிருந்து போகிற வரைக்கும் காபியில் சர்க்கரை அதிகம் என்பதைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை. அன்றைக்கு ஆடு ஒன்று வீட்டுக்குள் புகுந்து அவர் துண்டைக் கவ்விக்கொண்டு ஓடியது. நாங்கள் எல்லோரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அவர் துண்டை வாங்கி உதறி மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

அன்று சாயங்காலம் கிணற்றடியில் அக்கா பாத்திரம் துலக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

“அவரு மோசமில்ல மீனா,” என்றாள். “ஆனா அவரு பக்கத்துல நான் சிரிச்சேன்னு வையி, அடுத்த வீட்டுல போயிச் சிரிச்ச மாதிரி இருக்கும்.”

அப்பாவிடம் சொல்லித் தொலையேன் என்று நான் கத்தினேன். அவள் சொல்ல மாட்டாள். அவர் இழுத்தால் இவள் விட்டுக்கொடுப்பாள், வாள் பிடித்துப் பழகின பழக்கம். எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. சர்க்கரை டப்பாவைத் தூக்கிப் பரணில் ஒளித்து வைத்தேன், அதைத் தவிர என்னால் வேறு என்ன செய்ய முடியும்.

அது எழுபத்து நாலு. வானம் பார்த்த பூமிக்கு வானம் முகத்தைக் காட்டாத வருஷம். ஐப்பசி பிறந்தும் ஊருணியில் வெடிப்புத்தான் இருந்தது, கால் வைத்தால் கால் உள்ளே போகும். ஒருநாள் பேருக்குத் தூறியது. மண் மணத்தைக் கிளப்பிவிட்டு ஓடியே போய்விட்டது. மழைக்கஞ்சி காய்ச்சியாயிற்று, பொங்கல் வைத்தாயிற்று, இனித் தவளைக்குக் கல்யாணம் செய்து வைப்பதுதான் பாக்கி என்று பூசாரி ஏகப்பன் சொன்னார். அப்பாவும் பஞ்சாயத்தில் ஒரு ஆள். முகூர்த்தநாள் குறித்தார்கள். அப்பா ஒரே செலவாகப் போகட்டும் என்று, அன்றைக்கே சாப்பாடு முடிந்ததும் முத்துவீரனோடு தட்டு மாற்றிக்கொள்வதாகவும் ஏற்பாடு செய்துவிட்டார். தட்டு மாறினால் வாக்கு மாறாது. அக்கா கதை அன்றோடு முடிந்தது.

தவளைக்கு எங்கே போவது. மீரான் சாகிபு தோட்டத்துக் கிணற்றில் மட்டும்தான் ஒரு முழம் தண்ணீர் கிடந்தது. அந்தத் தூறல் விழுந்ததிலிருந்து அதற்குள் ஏதோ விடாமல் கத்துகிறது என்று அவரே வந்து சொன்னார். கூடையை இறக்கித் தூக்கினால் இரண்டு தவளைகள். ஒன்று பெரியது, கை கொள்ளாது, பாசி நிறம், வயிறு தளும்பத் தளும்ப மூச்சு விட்டுக்கொண்டு சாந்தமாக உட்கார்ந்திருந்தது. இன்னொன்று அதைவிடச் சின்னது, ஒட்டினாற்போல உடம்பு. அதன் நிறத்தைப் பார்த்துத்தான் நாங்கள் வாயைப் பிளந்தோம். பளீரென்று மஞ்சள், எலுமிச்சம்பழ மஞ்சள்.

பெண்கள் எல்லாம் குலவையே போட்டுவிட்டார்கள். கல்யாணப் பெண் மஞ்சள் பூசிக் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறாள், இதைவிடச் சகுனம் என்ன வேண்டும் என்றார்கள். பூசாரிக்கு மட்டும் ஒரு சந்தேகம், எது ஆண் எது பெண் என்று எப்படித் தீர்மானிப்பது என்றார். அப்பா முழக்கோலை எடுத்துக்கொண்டு வந்தார். மூக்கிலிருந்து பின்பக்கம் வரைக்கும் இரண்டையும் அளந்தார். பச்சை அசையாமல் காட்டியது, மஞ்சள் இரண்டு தடவை கோல் மேலேயே ஏறி உட்கார்ந்தது.

“பெருசு மாப்பிள்ளை, சின்னது பொண்ணு,” என்றார் அப்பா. “இதுல யோசிக்க என்ன இருக்கு?”

ஒருவரும் யோசிக்கவில்லை. மாப்பிள்ளையை ஓலைக் கொட்டானில் வைத்துப் பூசாரி மேலத்தெருவுக்குக் கொண்டுபோனார். பெண் எங்கள் வீட்டுக்கு வந்தது. கிணற்றுக்காரர் என்ற உரிமையில் மீரான் சாகிபு தன்னைப் பிறந்த வீட்டு ஆள் என்று சொல்லிக்கொண்டு, புதுத் துண்டும் பேரீச்சம்பழமும் வைத்துச் சீர்த்தட்டு அனுப்பினார். பேரீச்சம்பழத்தைத் தவளை தின்னாது என்று நான்தான் தின்றேன்.

விளக்கு வைக்கிற நேரத்தில் எங்கள் கல்யாணப் பெண் வாயைத் திறந்தாள். நான் பயந்து செம்பைக் கீழே போட்டுவிட்டேன். பானைக்குள்ளிருந்து வந்த அந்தச் சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்டது. பிறந்த வீட்டை விட்டுப் போகிற துக்கம், பாவம் அழுகிறது என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து பானையைத் தட்டிக் கொடுத்தார்கள். ஒருத்தி மூக்கைக்கூடச் சிந்தினாள். அக்கா மூடியைத் தூக்கி எட்டிப் பார்த்தாள். தொண்டைக்கு இரண்டு பக்கமும் நீல நிறத்தில் பை பையாக உப்பி உப்பி அடங்கிக்கொண்டிருந்தது. அவள் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் மெதுவாக, “மீனா, இவ்வளவு சின்ன உடம்புல இவ்வளவு சத்தம். எங்கயோ கேட்ட மாதிரி இல்ல?” என்று கேட்டுவிட்டு, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினாள். அன்றைக்கு அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

மறுநாள் காலையில் கல்யாணம். சாலையை ஒட்டி, வெடித்துக் கிடந்த ஊருணியின் கரையில் பந்தல், மேளம், மாவிலை, எல்லாம் உண்டு. மேலத்தெருவிலிருந்து மாப்பிள்ளை அழைப்பு குடை பிடித்து வந்தது. மாப்பிள்ளை கொட்டானுக்குள் கண்ணை மூடித் திறந்துகொண்டு யோக நிலையில் இருந்தார். நாங்கள் பெண்ணைத் தூக்கிக்கொண்டு போனோம். முத்துவீரன் புதுக் குடையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். பெரிய பித்தளை அண்டாவில் பாதி தண்ணீர் ஊற்றி, நடுவில் செங்கல் போட்டு, அதுதான் மணவறை. மாப்பிள்ளையைச் செங்கல் மேல் வைத்தார்கள். பெண்ணை எதிரில் விட வேண்டும், பூசாரி மஞ்சள் கயிற்றை மாப்பிள்ளை கையில் தொட்டுப் பெண் கழுத்தில் கட்ட வேண்டும். இதுதான் திட்டம்.

பெண்ணை விட்டோம். விட்டதுதான் தெரியும். கெட்டிமேளம் சொல்வதற்குக்கூட நேரம் கொடுக்கவில்லை. ஒரே தாவலில் மாப்பிள்ளையின் முதுகில் ஏறி, அக்குளுக்குள் இரண்டு கையையும் கொடுத்துக் கட்டிப் பிடித்துக்கொண்டது. மேளக்காரர் அடிப்பதா நிறுத்துவதா என்று தெரியாமல் குச்சியைத் தூக்கியபடி நின்றார். இளவட்டங்கள் விசில் அடித்தார்கள். பெரியவர்கள் வானத்தைப் பார்த்தார்கள். அப்பாவுக்குத்தான் அவமானம், பெண் வீட்டுக்காரராயிற்றே. “என்ன வளர்ப்பு இது” என்று முணுமுணுத்துக்கொண்டு இரண்டையும் பிரிக்கப் பார்த்தார். ம்ஹூம். தச்சன் கைக்கு மசியாத பிடி. மேலே இருப்பதை இழுத்தால் கீழே இருப்பதும் சேர்ந்து வந்தது. மாப்பிள்ளையோ எந்தக் கோபமும் இல்லாமல் பெண்ணைச் சுமந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில் பூசாரி, தாமாகவே சேர்ந்துவிட்டார்கள், நாம் யார் பிரிப்பதற்கு என்று சொல்லி, கயிற்றை இரண்டுக்கும் பொதுவாக மேலே போட்டு அட்சதை தூவிவிட்டார். முதுகில் அட்சதை விழுந்ததும் பெண் ஒரு கத்தல் கத்தியது. முத்துவீரன் மட்டும் சாப்பாடு எப்போது என்று விசாரித்தார்.

பந்தி முடிகிற நேரத்தில் கிழக்கே கறுத்தது. முதலில் யாரும் நம்பவில்லை. அப்பா வெற்றிலைத் தட்டை எடுத்துப் பந்தலில் வைத்துவிட்டு அக்காவை வரச் சொன்னார். அக்கா வந்தாள், எப்போதும் குனிகிற பழக்கத்தில் பந்தல் கால் அருகே குனிந்தாள், அப்படியே நிமிராமல் நின்றாள். அப்பா முத்துவீரனை எழுந்து வரச் சொல்லிக் கையைக் காட்டினார். அப்போது அண்டாவின் விளிம்பில் ‘டங்’ என்று ஒரு சொட்டு. அப்புறம் இன்னொன்று. அப்புறம் எண்ண முடியவில்லை.

ஐயோ, அந்த மழை. வாளியால் கவிழ்த்தது போல வந்தது. கிழவர்கள் வேட்டியைத் தலையில் கட்டிக்கொண்டு குதித்தார்கள். பெண்கள் குலவை போட வாயைத் திறந்தால் வாயெல்லாம் தண்ணீர். மேளக்காரர் மேளத்தைத் தூக்கி வயிற்றுக்கு அடியில் வைத்துக்கொண்டு காலால் தாளம் போட்டார். சாலை முழுக்க ஆட்டம். காரைக்குடியிலிருந்து வந்த பஸ் அதற்குள் மாட்டிக்கொண்டு நின்றது, பஸ்ஸில் இருந்தவர்களும் இறங்கி ஆட ஆரம்பித்தார்கள். “வழி விடுங்க, வழி விடுங்க” என்று அந்தக் குரல் கேட்டது. ஆசைத்தம்பி தோல் பையைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு கூட்டத்தின் காலிடுக்கில் புகுந்து வந்தான்.

நான் அண்டா கவிழ்ந்துவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். உள்ளே பார்த்தேன். மாப்பிள்ளைக்கு என்னவோ ஆகிவிட்டது. உடம்பை முறுக்கிப் பின்பக்கத்தைத் தண்ணீரில் அமுக்கி அமுக்கி எடுத்தார். ஒவ்வொரு தடவையும் தண்ணீரில் ஏதோ பரவியது, ஜவ்வரிசிப் பாயசத்தில் கடுகைக் கொட்டியது போல. முதுகில் இருந்த மஞ்சள் பெண் ஒவ்வொரு தடவையும் விலாவை இறுக்கி இறுக்கி விட்டது. எனக்குப் புரிந்துவிட்டது. ஆசைத்தம்பி வந்து எட்டிப் பார்த்தான். அப்புறம் ஸ்டாப்பிங் சொல்கிற அதே குரலில், “மாப்பிள்ளை முட்டை போடுறாரேய்” என்றான்.

ஆட்டம் நின்றது. மொத்த ஊரும் அண்டாவைச் சுற்றி வந்துவிட்டது. பார்த்தவர்கள் பின்னால் திரும்பி, பார்க்காதவர்களிடம் சொன்னார்கள், கேட்டவர்கள் இடித்துக்கொண்டு வந்து பார்த்தார்கள், பார்த்த பிறகு ஒருத்தர் தோளில் ஒருத்தர் விழுந்தார்கள். பூசாரி தலையில் கை வைத்துச் சேற்றில் உட்கார்ந்துவிட்டார். கல்யாணம் செல்லுமா செல்லாதா என்று யாரோ கேட்டார்கள், மழையே வந்துவிட்டது இனி என்ன செல்வதும் செல்லாததும் என்றார் மீரான் சாகிபு. அப்படியென்றால் மஞ்சள் குளித்து வந்தது மாப்பிள்ளையா, நேற்றுப் பூராவும் அழுதது மாப்பிள்ளையா என்று, பானையைத் தட்டிக் கொடுத்த பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். நான் அப்போதுதான் அண்டாவின் மேல் சாய்ந்தேன்.

அப்பா ஒருவர்தான் சிரிக்கவில்லை. கையில் முழக்கோலோடு நின்று அண்டாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அளவெடுத்ததில் தப்பு என்று யாரும் அவரைச் சொன்னதில்லை, அதுவரைக்கும்.

அக்கா நிமிர்ந்தாள். பந்தல் ஓலையில் தலை இடித்தது, ஓலையில் தேங்கின தண்ணீர் முழுக்க அவள் மேல் கொட்டியது. அவள் துடைக்கக்கூட இல்லை.

“அப்பா, நீங்கதான் அளந்தீக,” என்றாள். “பெருசு மாப்பிள்ளை, சின்னது பொண்ணுன்னு நீங்கதான் சொன்னீக. இப்பப் பெருசு முட்டை போடுது. சின்னது தொண்டை கிழியக் கத்தி அதக் கூப்பிட்டுருக்கு. அதுக ரெண்டுக்கும் ஒரு குறையும் இல்ல, மழையும் வந்துருச்சு. எனக்கும் அப்படித்தான் வேணும். எனக்கு ஆசைத்தம்பி அத்தானக் கட்டி வைங்க. ஊரு சிரிச்சா சிரிக்கட்டும், அவுகளவிட நான் சத்தமாச் சிரிப்பேன்.”

அக்கா அப்பாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி நான் கேட்டது அதுதான் முதல். அவள் அவர் மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஆசைத்தம்பி தோல் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றான். அவ்வளவு பெரிய குரல்காரனுக்கு அப்போது மூச்சே இல்லை.

அப்பா அண்டாவைப் பார்த்தார். மஞ்சள் தவளை பெரியதை இன்னும் விடவில்லை. அப்புறம் முத்துவீரனைப் பார்த்தார். அவர் புதுக் குடையை விரித்துத் தன் தலைக்கு மட்டும் பிடித்துக்கொண்டு, செருப்பில் ஒட்டின சேற்றைப் பந்தல் காலில் தேய்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அக்காவை. முழக்கோலை என்னிடம் நீட்டினார், நான் வாங்கிக்கொண்டேன்.

“மாப்ளே,” என்றார்.

யாரைக் கூப்பிடுகிறார் என்று யாருக்கும் புரியவில்லை. முத்துவீரன்கூடத் திரும்பிப் பார்த்தார்.

“மாப்ளே, தட்டு நனையுது பாரு. பஸ்ஸ எடுத்துக்கிட்டுப் போயி எங்க அக்காவக் கூட்டிக்கிட்டு வா.”

ஆசைத்தம்பி இரண்டு எட்டு வைத்துச் சேற்றில் வழுக்கி விழுந்து எழுந்து ஓடினான். பிரயாணிகளை அள்ளிப் போட்டுக்கொண்டு அந்த பஸ் திருப்பத்தூருக்குப் பறந்தது. வழியில் இறங்க வேண்டியவர்கள் ஒருவரும் இறங்கவில்லையாம், கூடவே போய் அத்தையை ஏற்றிக்கொண்டு அதே பஸ்ஸில் தட்டு மாற்றுவதைப் பார்க்கத் திரும்பி வந்துவிட்டார்கள். முத்துவீரன் கோபித்துக்கொள்ளவில்லை. காபி கேட்டார். நான் பரணிலிருந்து சர்க்கரை டப்பாவை எடுத்து, சந்தோஷத்தில் கை நிறைய அள்ளிப் போட்டுக் கொடுத்துவிட்டேன். வாயை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். முதல் தடவையாக லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது.

அன்று ஊருணியில் தவளைகள் பிடித்த கூத்து ஒரு வாரம் ஓயவில்லை. அந்த இரண்டையும் அண்டாவோடு கொண்டுபோய் அங்கேதான் விட்டோம். நானும் அக்காவும் தினமும் கரையில் போய் உட்கார்ந்துகொள்வோம். அத்தனையும் கல்யாண வீடு, அத்தனையும் மஞ்சள் மாப்பிள்ளைகள், எல்லாம் ஒருத்தனை ஒருத்தன் மிஞ்சிக் கத்துவதும், பெண்ணின் முதுகில் இருக்கிறவன் மேலே ஏற வருகிறவனை உதைத்துத் தள்ளுவதும். அவசரத்தில் ஒரு ஆண் இன்னொரு ஆணையே கட்டிப் பிடித்துவிடும், பிடிபட்டது கீச்கீச்சென்று திட்டும், உடனே விட்டுவிடும். சொறித்தவளைகள் வேறு ரகம். அதுகள் முட்டையைப் பாசிமணி கோத்ததுபோல நீளச் சரமாகச் செடியில் சுற்றிச் சுற்றி விட்டன. எங்கள் கொல்லைத் தொட்டிக்கு மேலே ஒட்டிக்கொண்டிருந்த தேரை, பின்னங்காலால் கடைந்து கடைந்து சோப்பு நுரை மாதிரி ஒரு கூடு கட்டி, அதற்குள் முட்டையை வைத்தது. குஞ்சு பொரிந்ததும் நுரை கரைந்து ஒவ்வொன்றாய்த் தொட்டிக்குள் சொட்டின. அக்கா அந்தத் தொட்டித் தண்ணீரை எடுக்கவே விடவில்லை, ஊருணியிலிருந்து சுமந்து வந்தாள்.

என்னைக் கட்டிக்கொண்டவர் வாத்தியார். அவர் பிற்பாடு காரணமெல்லாம் சொன்னார். கத்துவது ஆண்தானாம். மழை வந்தால் மஞ்சள் ஏறுவதும் அதற்குத்தானாம். வழுக்காமல் பிடிக்க அதன் கட்டைவிரலில் ஒரு தடிப்பு இருக்குமாம். பெண் அத்தனை முட்டையையும் சுமக்க வேண்டியதால் பெரிதாக இருக்கிறதாம். முட்டை தண்ணீரில் விழ விழ ஆண் மேலிருந்தே தன் பங்கை விட, கரு தண்ணீரில்தான் கூடுமாம். சரி சரி என்று கேட்டுக்கொண்டேன். முட்டை விழுந்ததை நேரில் பார்த்தவளிடம் போய் வகுப்பு எடுக்கிறார்.

தையில் அக்கா கல்யாணம். ஊர் சிரித்தது, மறைக்காமல் சொல்கிறேன், வயிறு வெடிக்கச் சிரித்தது. மாலை மாற்றும்போது ஆசைத்தம்பிக்கு எட்டவில்லை. தாய்மாமன் தூக்க வேண்டும், ஆனால் அவனுக்குத் தாய்மாமன் எங்கள் அப்பாதான், அவருக்கோ இடுப்புப் பிடிப்பு. அக்கா இரண்டு பக்கமும் பார்த்தாள், குனிந்தாள், மாப்பிள்ளையை இடுப்பைப் பிடித்து உத்தரம் மாதிரித் தூக்கிவிட்டாள். மேலே போனதும் அவன் பழக்க தோஷத்தில் “போலாம் ரைட்” என்றான். அதற்குப் பிறகு ஐயர் சொன்ன மந்திரம் ஒன்றும் யார் காதிலும் விழவில்லை.

எப்படியோ தாலி கட்டியாகிவிட்டது. பொண்ணும் மாப்பிள்ளையும் பந்தலை விட்டு இறங்கும்போது தரையெல்லாம் குட்டித் தவளைகள். அந்த மழையில் பிறந்ததுகள், வால் போய்க் கால் முளைத்து, கட்டைவிரல் பருமனில் ஊருணிக் கரையிலிருந்து துள்ளித் துள்ளி வந்துகொண்டிருந்தன. பெண்கள் புடவையைத் தூக்கிக்கொண்டு கூச்சல் போட்டார்கள். அப்பா இடுப்பைப் பிடித்துக்கொண்டே எல்லோருக்கும் முன்னால் போய், முழக்கோலால் மெல்ல மெல்ல அதுகளை ஓரமாக ஒதுக்கி வழி செய்துகொண்டு நடந்தார்.

“பாத்து வாங்க, மிதிச்சுராதீக,” என்றார். “மாப்பிள்ளை வீட்டு ஆளுக.”